வண்டியோசை இல்லாத வழி

மும்பைத் தமிழர் இல்லங்களில் மிதிவண்டி என்பது நெடுங்காலமாக உழைப்பின் துணையாகவே இருந்து வந்திருக்கிறது. தாராவியின் சந்துகளிலிருந்து பொழுது விடியுமுன் புறப்படும் இட்லி வியாபாரிகளை அறியாதார் இந்நகரில் இலர். பின்னால் பெரிய அலுமினியப் பாத்திரம், கைப்பிடியில் சட்டினியும் சாம்பாரும் நிறைந்த தூக்குகள், விரலால் அழுத்தினால் 'பாம் பாம்' என்று ஒலிக்கும் ரப்பர் ஊதி. இவற்றோடு அவர்கள் மாநகரின் பல பகுதிகளுக்கும் சென்று மீள்கிறார்கள். பால்காரரும் செய்தித்தாள் போடும் இளைஞரும் மாட்டுங்கா அங்காடிக்கு வாழையிலைக் கட்டுச் சுமந்து வருபவரும் இவ்விரு சக்கரங்களை நம்பியே வாழ்ந்தனர். மிதிவண்டி வயிற்றுக்குச் சோறிட்டது. ஆயின் அது விளையாட்டுப் பொருளாக நம் வீடுகளில் நுழைந்தது மிகவும் பிற்காலத்தில்தான். பெண்மக்களுக்கு உரியதாக அது நுழைந்தது அதற்கும் பிற்பாடு.

எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் காலூன்றி, பின்னர் செம்பூருக்குக் குடிபெயர்ந்த பல குடும்பங்களுள் நாங்களும் ஒருவர். பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். தமிழோடு இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேசுவார்கள். ஓடத் தொடங்கிய மின்ரயிலில் எப்படி ஏறக்கூடாது என்பதையும் அறிவார்கள். ஊருக்குச் சென்றபோதெல்லாம் அங்குள்ள உறவுப் பிள்ளைகள் இவர்களை வியந்து பார்ப்பது வழக்கம். ஆனால் ஒரு கோடை விடுமுறையில் அந்த வியப்பு திசை மாறிற்று.

எங்கள் மூத்த மகளின் வயதையொத்த அத்தை மகள், அரசுப் பள்ளியில் கொடுத்த மிதிவண்டியில் நான்கு கல் தொலைவிலுள்ள பள்ளிக்கு நாள்தோறும் போய் வந்துகொண்டிருந்தாள். "வா, பின்னால உக்காரு, ஆத்துக்குப் போவோம்" என்று அவள் அழைத்தாள். "நீ ஒரு வண்டி எடுத்துக்கிட்டு வாயேன்" என்று வேறொருத்தி சொன்னாள். எங்கள் மகள் விழித்தாள். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "ஏளா, பம்பாய்ல பொறந்தவளுக்குச் சைக்கிள் மிதிக்கத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தார். கேலியில் நஞ்சில்லை, எனினும் அக்கேள்வி எங்களோடு ரயிலேறி மும்பைக்கு வந்து சேர்ந்தது.

பெருநகரத்துப் பெண் பின்தங்கியும் சிற்றூர்ப் பெண் முன்சென்றும் இருக்கும் இந்நிலை தற்செயலாக வந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் இதற்குப் பெருந்துணை புரிந்தார். வயல் வேலை செய்வோரும், கல்லுடைப்போரும், செவிலியரும், ஆசிரியைகளுமாகப் பல்லாயிரம் பெண்கள் வண்டியோட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாமல் போனபோது ஆண்களுக்கான வண்டியிலேயே ஏறினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வாய்ப்பாக இருக்கிறதே என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. பிறகு 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கிப் படிப்படியாக ஏனைய மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கியது. அந்த அத்தை மகள் ஏறியது அத்திட்டத்தின் வண்டியே.

அங்கே வண்டியும் கிடைத்தது. அதை ஓட்ட ஊர்ச்சாலையும் கிடைத்தது. இங்கே வண்டியை விலைக்கு வாங்கிவிடலாம். சாலையை எங்கே வாங்குவது? தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் கைவண்டியும் டெம்போவும் மனிதரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டுதான் நகர இயலும். செம்பூரின் பெருஞ்சாலைகளில் லாரிகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. 2009இல் திறக்கப்பெற்ற பாந்திரா–ஓர்லி கடற்பாலம் காண்பதற்கு எழில் மிக்கது. அதில் மிதிவண்டி ஏற அனுமதியில்லை. மாட்டுங்காவின் ஐந்து தோட்டப் பகுதியிலாவது பழகலாம் என்றால், மாலையில் சாலையின் இருமருங்கும் கார்கள் நிறுத்தப்பட்டு, நடுவில் எஞ்சிய இடத்திலும் கார்களே ஓடுகின்றன. ஊர்ப்பிள்ளை குரங்குப் பெடல் போட்டுக் கீழே விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். இந்நகரத்துப் பிள்ளை விழுந்தால் என்னவாகும் என்று எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது.

இந்நிலையில்தான் போரிவலியிலுள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைப் பற்றி நண்பர் ஒருவர் கூறினார். அப்பெயரை அறியாதவர்கள் அல்லர் நாங்கள். உறவினர் வந்தால் சிங்க உலாவுக்கும், 'வனராணி' என்னும் குட்டி ரயிலுக்கும் அழைத்துச் சென்றிருக்கிறோம். ஆனால் அங்கே மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும் என்பதையும், காட்டின் ஊடே கான்ஹேரிக் குகைகள் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தார்ச்சாலை செல்கிறது என்பதையும், நகரத்து வண்டிக்கூட்டம் அச்சாலையில் இல்லை என்பதையும் கருத்தில் கொண்டதில்லை. குகைகளுக்குப் போகும் பேருந்தும் காட்டிலாகாவின் வண்டியும் எப்போதேனும் கடக்கும், அவ்வளவே.

இப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். முன்பு கிருஷ்ணகிரி தேசியப் பூங்கா என்றும், பின்னர் போரிவலி தேசியப் பூங்கா என்றும் வழங்கி, 1981இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் நெருங்கி வாழும் மாநகரின் எல்லைக்குள்ளேயே இத்துணைப் பெரிய காடு இருப்பதும், அதில் சிறுத்தைகள் தம் போக்கில் வாழ்வதும் உலகில் அரிய செய்தி. நாம் வசிக்கும் பகுதிகளிலிருந்து அங்குச் செல்வதும் கடினமன்று. மாட்டுங்காவாசிகள் தாதரில் மேற்குப் பாதைக்கு மாற வேண்டும். செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவில் ஒருமுறையும் தாதரில் ஒருமுறையும் மாற வேண்டும். தாராவியினர் மாஹிமிலேயே ஏறிவிடலாம். போரிவலியில் கிழக்குப் புறம் இறங்கினால் பூங்காவின் வாயில் அருகில்தான். திங்கட்கிழமை மட்டும் அது மூடப்பட்டிருக்கும்.

மழைக்காலம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு முதல் முறையாக மிதிவண்டிக்கென்றே அங்குச் சென்றோம். வாடகைக்கு எடுத்த வண்டிகளுள் ஒன்று இருக்கை உயர்ந்தது. மற்றொன்றின் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காவிட்டால் என்ன, அடிக்க வேண்டிய தேவையே அச்சாலையில் எழவில்லை. வாயிலை அடுத்துள்ள சமதளப் பகுதியில் மகளை ஏற்றி, ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முன்னால் ஓட, பயிற்சி தொடங்கிற்று. தம்பிக்காரன் மரத்தடியில் நின்றபடி விழுந்த தடவைகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான்கடி ஓட்டியதும் தலையைத் திருப்பிப் பின்னே பார்ப்பாள், வண்டி சாயும். "முன்னால பாரு கண்ணு" என்று எத்தனை முறை சொல்லியும் கழுத்து தானாகத் திரும்பிற்று. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இந்நகரில் வளரும் பிள்ளைக்கு நாம் முதன்முதலாகக் கற்பிக்கும் பாடமே பின்னால் பார் என்பதுதான். சாலையைக் கடக்கும்போதும், நடைபாதை இல்லாத தெருவில் நடக்கும்போதும், பின்னே வருவது லாரியா, ஸ்கூட்டரா என்று பார்த்துப் பார்த்தே அவர்கள் வளர்கிறார்கள். பின்னால் ஏதும் வராத ஒரு சாலை உண்டு என்பதை அவள் உடல் நம்புவதற்கு ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. நம்பிய பின்னர் வண்டி சாயவில்லை. இருக்கையைப் பிடித்த கை எப்போது விலகியது என்பதை அவளும் அறியாள். ஏறத்தாழ நூறடி சென்ற பிறகே கவனித்தாள். கவனித்த பின்பும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு பல ஞாயிறுகள் சென்றோம். மூன்றாம் முறை குகைகள் வரை போவதென்று முடிவு செய்தோம். தொடக்கத்தில் சாலை இனிது செல்லும். இருபுறமும் தேக்கும் மூங்கிலும் நிழல் தரும். கோடையின் தொடக்கமானால் புரசும் இலவும் இலையுதிர்த்துச் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும். புள்ளிமான்கள் சற்றே நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயும். குரங்குகள் மட்டும் நம் பைகளைக் கண்ணுற்றே அமர்ந்திருக்கும். அவற்றிற்குத் தீனி கொடுக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் நலம். இம்மலைகளில் 'கார்வி' என்றொரு செடி உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவெங்கும் ஊதா நிறமாய்ப் பூக்கும். 2016இல் அவ்வாறு பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சியின் நெருங்கிய உறவு அது என்று சொன்னபோது, "அப்ப இதுவும் குறிஞ்சி நிலமா?" என்று மகள் கேட்டாள். பள்ளியில் தமிழ் பயிலாத பிள்ளை ஐந்திணையை இவ்வாறு தானே வந்து தொட்டதில் எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

குகைகளை நெருங்கும்போது ஏற்றம் கடுமையாகிறது. எங்களில் மூத்தவர்கள் இறங்கித் தள்ளினோம். பிள்ளைகள் நின்றபடியே மிதித்தார்கள். மேலே, கருங்கல் மலையைக் குடைந்து பௌத்தத் துறவிகள் அமைத்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் இருக்கின்றன. கிறித்துவுக்கு முன் முதல் நூற்றாண்டளவில் தொடங்கிப் பல நூறு ஆண்டுகள் அப்பணி நடந்தது. சிற்பங்களையும் பெரிய சைத்திய மண்டபத்தையும் காண்போர், குகைதோறும் வெட்டப்பட்ட நீர்த்தொட்டிகளையும் காண வேண்டும். மலைமேல் பெய்யும் மழையைச் சிறு வாய்க்கால்களால் திருப்பித் தத்தம் வாசலில் தேக்கிக்கொண்டு, மழையற்ற மாதங்களையும் அத்துறவிகள் கழித்தனர். வழிப்போக்கரும் வணிகரும் நடந்தே ஏறிவந்த வழி இது. அவ்வழியில் இரண்டு சக்கரத்தின் மேல் வியர்த்து ஏறிவருதல் பொருத்தமாகவே எங்களுக்குத் தோன்றிற்று.

நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு. அது நம்மவர் இல்லங்களைத் தொடும் செய்தி. இக்காட்டில் விழும் மழையைத் தேக்கி நகருக்குக் குடிநீர் தர, 1860இல் விஹார் ஏரியும் 1879இல் துளசி ஏரியும் அமைக்கப்பட்டன. விஹார் ஏரி நிறைந்து வழியும் நீரும், அருகிலுள்ள பவாய் ஏரியின் வழிநீரும் சேர்ந்து மித்தி ஆறாகி, குர்லா வழியாக வந்து, நம் தாராவியை ஒட்டி ஓடி, மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. தாராவியில் பிறந்து வளர்ந்த பலர் மித்தியைச் சாக்கடை என்றே நினைத்து வந்திருக்கிறார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய போதுதான், அது ஆறு என்பதை நகரம் முழுவதும் உணர்ந்தது. அவ்வாற்றின் தலைமாடு, சிறுத்தை நீரருந்தும் இக்காடு. கால்மாடு, நம்மவர் குடியிருக்கும் சந்து. மேலே மரங்கள் மழையைத் தாங்கி மெல்ல மெல்ல விடவில்லையானால் கீழே நம் வீட்டுப் படியேறும் வெள்ளம் இன்னும் உயரும் என்பதைப் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதினும், அச்சரிவில் வண்டியை மிதித்துப் போகையில் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள்.

தாராவிக்கு அருகிலேயே, அதே ஆற்றின் கரையில், மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்றொரு சிறு வனம் இருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 37 ஏக்கர் பரப்புள்ள அவ்விடம் ஒரு காலத்தில் நகரக் குப்பை மேடு. 1983இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்கள் முன்னின்று மரம் நடத் தொடங்கினார். 1994இல் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பை மேடே வனமாகுமெனில், ஒரு தெரு சில மணி நேரம் பிள்ளைகளுக்கு உரியதாக ஆகாதா என்ற எண்ணம் அப்பூங்காவைக் கடக்கும்போதெல்லாம் எழுகிறது.

காட்டுச் சாலையில் செல்வோர் மறக்கலாகாத ஒன்றுண்டு. அது வெறுஞ்சாலையன்று. வார்லி முதலிய பழங்குடி மக்களின் சிற்றூர்கள் காட்டினுள் இருக்கின்றன. நாம் பொழுதுபோக்கிற்காகச் செல்லும் வழி அவர்களுக்கு அன்றாட வழி. சிறுத்தையை அவர்கள் 'வாகோபா' என்று தெய்வமாகப் போற்றி, அதனோடு ஒதுங்கி வாழும் முறையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். அம்முறையை அறியாமல் காட்டின் விளிம்பில் வீடுகளும் குப்பையும் பெருகிய காலத்தில், 2004ஆம் ஆண்டில், சிறுத்தைகளால் பலர் உயிரிழந்தனர். ஆதலால் அந்திக்கு முன் திரும்புதல், பிள்ளைகளைத் தனியே முன்செல்ல விடாதிருத்தல், உணவுப் பொட்டலங்களை வீசாதிருத்தல் ஆகியவை விருந்தினராகிய நம் கடமைகள்.

இக்காட்டின் அடியிலேயே தானேயையும் போரிவலியையும் இணைக்கும் இரட்டைச் சுரங்கச் சாலைக்கு 2024 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும்பணி. மணிக்கணக்கில் சாலையில் நின்று அல்லற்படுவோர்க்கு அது தேவையாக இருக்கலாம்; நம்மவருள்ளும் அத்தகையோர் பலர். மோட்டாருக்காக மலையின் வயிற்றையே குடையும் ஆற்றல் இந்நகருக்கு உண்டு என்பதில் நமக்கும் பெருமையே. அவ்வாற்றலின் நூற்றில் ஒரு பங்கு, பத்து வயதுப் பெண்ணொருத்தி அச்சமின்றி வண்டியோட்டும் ஓர் அரை மைல் சாலைக்குச் செலவாகக் கூடாதா என்பதே நம் கேள்வி.

இயலாத செயலன்று இது. தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிறுதோறும் முதன்மைச் சாலைகளை மோட்டார்களுக்கு மூடி மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இன்று அவ்வாறு திறக்கப்படும் சாலைகளின் நீளம் 120 கிலோமீட்டருக்கும் மேல். நம் மும்பையிலும் 2022 மார்ச்சில் காவல்துறையினர் 'ஞாயிற்றுத் தெருக்கள்' என்ற பெயரில் சில சாலைகளைக் காலை நேரத்தில் மூடிக் கொடுத்தபோது, பிள்ளைகளும் முதியோரும் அங்குத் திரண்டதைக் கண்டோம். பூப்பந்து ஆடியவர்களும், கோலமிட்டவர்களும், முதல் முறையாக மிதிவண்டி ஏறியவர்களும் அதே தார்ச்சாலையில் இருந்தனர். தடுப்பு வேலி இரண்டும், காவலர் சிலரும், மனமும் இருந்தால் போதும் என்பதை அது மெய்ப்பித்தது.

ஆகவே நம் சங்கங்களின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறோம். முதலாவது, மழை ஓய்ந்த நாள் தொட்டுக் கோடை முற்றும் வரை, மாதம் ஒருமுறை நம் குடும்பங்கள் சேர்ந்து போரிவலிக் காட்டுக்குச் செல்லலாம். பேருந்தும் பேச்சாளரும் வேண்டா. ரயில் சீட்டும் புளியோதரையும் போதும். வண்டியோட்டத் தெரிந்த அண்ணன்மார் தெரியாத பிள்ளைகளின் இருக்கையைப் பிடிக்கட்டும். தாய்மாரும் ஏறிப் பழகட்டும். புதுக்கோட்டையில் நடுத்தர வயதினர் கற்றது செம்பூரில் கற்க இயலாததன்று. இரண்டாவது, நாம் வாழும் பகுதியில் ஏதேனும் ஓர் உட்தெருவை ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மூடித் தருமாறு உரியவர்களிடம் ஒன்றுகூடிக் கேட்கலாம். கோயில் திருவிழாவுக்குத் தெருவை மூடக் கேட்டுப் பெறும் நாம், பிள்ளைகளுக்காகக் கேட்க ஏன் கூச வேண்டும்? ஆறு கிலோமீட்டர்க் காட்டுச் சாலைக்காக முப்பது கிலோமீட்டர் ரயிலேறிச் செல்ல எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. நாள் முழுதும் தோல் பட்டறையிலும் சமையற்கூடத்திலும் உழைப்பவரின் பிள்ளைக்குத்தான் வீட்டு வாசலில் அந்த இரண்டு மணி நேரம் மிகவும் தேவை.

சென்ற கோடையில் எங்கள் மகள் ஊருக்குச் சென்றாள். அத்தை மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பழைய வண்டி இன்னும் ஓடுகிறது. இருவரும் இரண்டு வண்டிகளில் ஆற்றுக்குப் போய் வந்தார்கள். திரும்பி வந்து ஊர்ச் செய்திகளையெல்லாம் சொன்ன மகள், இறுதியில் ஒன்று கேட்டாள்: "நம்ம தெருவுல நான் எப்ப ஓட்டுறது?" அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் மட்டும் அல்லர், இம்மலரைப் படிக்கும் நாம் அனைவருமே.